பஞ்சில் ஒட்டிய கறுப்பு

முள்ளை ஒதுக்கிவிட்டு முன்னால் நடந்து, திரும்பிப் பார்க்காமலே நான் பின்னால் வருகிறேனா என்று தெரிந்து வைத்திருந்த என் அப்பாவுக்கு,

நீயும் நானும் பேசிய பேச்சுக்கு எழுத்து கிடையாது. அதனால் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில் எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோதே உனக்குப் படிக்கத் தெரியாது, இப்போது எதற்கு இந்த வேலை என்று கேட்பாய். மற்றவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நம் வீட்டில் ஒரு விஷயத்தை நாலு தலைமுறையாக வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்தோம். அது போதும்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். என் வேலை போய்விட்டது. விசாவை கேன்சல் செய்துவிட்டார்கள். நீ செத்தபோது நாலு நாள் லீவு கேட்டேன், ஒரு கண்காட்சி இருக்கிறது, அது முடியட்டும் என்றார்கள். உன்னை மண்ணில் இறக்கியதைத் தம்பி பிடித்துக் காட்டிய போனில்தான் பார்த்தேன். மழை பெய்துகொண்டிருந்தது, உன் முகம் சரியாகத் தெரியவில்லை. இப்போது நான் கேட்காமலே மொத்தமாக லீவு கொடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் வருகிறேன்.

படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் நீலகிரிச் சரிவில் இருக்கிற குறும்பர்கள். எங்களில் ஒருவர் இறந்தால், ஓடையில் இறங்கித் தண்ணீர் தேய்த்து வழவழப்பாக்கிய ஒரு நீளக் கல்லை எடுத்து, எண்ணெய் தடவி, சாவுமனையில் கொண்டுபோய் வைப்போம். சாவுமனை என்றால் பலகைக் கற்களால் ஆன முழங்கால் உயர அறை. ஆளுக்கு ஒரு கல். அதை வைத்த பிறகுதான் இறந்தவர் தன் ஆட்களோடு போய்ச் சேர்ந்தார் என்று அர்த்தம். எங்கள் குடியில் அந்தக் கல்லை மூத்த மகன்தான் எடுக்க வேண்டும். நான் வராததால் உனக்கு இன்னும் கல் இல்லை, அப்பா. இரண்டு மழைக்காலமாக நீ எங்கே நிற்கிறாய்?

துபாயில் என்ன வேலை என்று நீ கேட்டதெல்லாம் ஒரே ஒருமுறைதான், நான் கிளம்பிய அன்று. பணக்காரர்களின் படங்களையும் சிலைகளையும் பழம்பொருள்களையும் பாதுகாக்கிற கோடவுன், பெட்டி ஏற்றி இறக்க வேண்டும் என்றேன். நீ பீடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாய். "பெட்டி தூக்குற வேலையா? உன் பூட்டனும் துரைக்குப் பெட்டி தூக்குனவருதான்" என்றாய். சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. மிச்சக் கதையைப் பஸ் வருகிறவரைக்கும் சொன்னாய்.

துரைமார்கள் வந்தபோது நம் காட்டில் யாருமே இல்லை என்று எழுதித்தான் அதை வாங்கினார்கள். எழுதியபோது நம் ஆட்கள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள். பிறகு அந்த ஆட்களையே கூப்பிட்டு மரத்தை வெட்டச் சொன்னார்கள். காப்பி வந்தது, காப்பி போய்த் தேயிலை வந்தது, சாவுமனை நாலாம் நம்பர் தேயிலைக் காட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. இறந்தவரைப் பார்க்கப் போக எஸ்டேட் ஆபீஸில் பாஸ் வாங்க வேண்டும் என்றானது. நீ அதே நாலாம் நம்பரில்தான் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு பூச்சிமருந்து அடித்தாய். அந்த மருந்துதான் உன் நெஞ்சில் உட்கார்ந்தது.

உன் தாத்தாவான அந்தப் பூட்டன் காலத்துத் துரைக்குப் பழைய பொருள்கள் மேல் ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவுமனையின் பலகையைப் பெயர்த்து, உள்ளே இருந்த கற்களைத் தேயிலைப் பெட்டியில் அடுக்கி, வண்டிப்பாதை வரைக்கும் தூக்கிவரச் சொன்னான். பூட்டன் தூக்கினார். அதில் அவருடைய அப்பன் கல்லும் இருந்தது. துரை ஒரு கம்பளி கொடுத்தான். அதற்குப் பிறகு நம் ஆட்கள் அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று நான் கேட்டேன். "சொல்லியிருந்தா வேற ஆளு தூக்கியிருப்பான்" என்றாய் நீ. பஸ் வந்துவிட்டது.

இனி நான் செய்ததைக் கேள். லோடிங்கில் சேர்ந்த என்னைக் கை நிதானம் என்று உள்ளே ஏசி ரூமுக்கு மாற்றினார்கள். அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ரிப்போர்ட் எழுத வேண்டும். என்ன பொருள், எங்கே கீறல், எங்கே அழுக்கு. அழுக்கு இருந்தால் ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, துடைத்ததையும் எழுத வேண்டும். அந்த ரிப்போர்ட் பொருள் போகிற இடமெல்லாம் கூடவே போகும். பக்கத்து ஊரான ஷார்ஜாவில் ரோலா என்ற இடத்தில் ரூம், காலையில் கம்பெனி பஸ், பிறகு நாள் முழுக்கக் கையுறையோடு இதே வேலை. எனக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை.

மூன்று வாரம் முன்னால் ஒரு வில்லாவிலிருந்து சாமான்கள் வந்தன. ஒரு மரப்பெட்டியில் வைக்கோல் மேல் பதினொரு கற்கள். லிஸ்டில் ‘கவண்கற்கள், பழங்காலம், தென்னிந்தியா’ என்று இருந்தது. எல்லாவற்றிலும் கறுப்பாகப் பிசுக்கு. துடைத்தேன். முதல் கல், இரண்டாவது கல், மூன்றாவது கல். பிசுக்கு நன்றாக வந்துவிட்டது என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. பார்த்ததும் தெரியவில்லையா உனக்கு என்று திட்டாதே. வெள்ளை விளக்கின் கீழே நம்பர் ஒட்டி வைத்தால் கல் வெறும் கல்லாகத்தான் இருக்கிறது.

நாலாவது கல்லை எடுத்தபோது வைக்கோலுக்கு அடியில் ஒரு பழைய சீட்டு தெரிந்தது. மசியில் எழுதிய ஆங்கிலம். நம் எஸ்டேட்டின் பெயர் அதில் இருந்தது.

கையுறையைக் கழற்றினேன். எங்கள் வேலையில் அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. கல்லை உள்ளங்கையில் வைத்தேன், அப்பா. நான் துடைத்தது அழுக்கு இல்லை. மகன்கள் தடவிய எண்ணெய். துரைகூட அதைத் துடைக்கவில்லை. நம் ஆட்கள் மூன்று பேர் மேல் இருந்த கடைசித் தடவலை நான் துடைத்துப் போட்டுவிட்டேன்.

ரிப்போர்ட்டில் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். ‘இவை கவண்கற்கள் அல்ல. இறந்தவர்களுக்காக வைத்த கற்கள். கேட்காமல் எடுத்து வரப்பட்டவை.’ கீழே கையெழுத்துப் போட்டேன். எங்கள் சூப்பர்வைசர் ராகவன் சார், சென்னைக்காரர், பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மாதன், என்னப்பா இது? கல்லுன்னு வந்தா கல்லுன்னு எழுது. இதையெல்லாம் எழுத நீ யாரு?"

"அவங்க வீட்டு ஆளு சார்."

"எவங்க வீட்டு?"

"இந்தக் கல்லுங்க வீட்டு."

அவர் சாமான்களின் சொந்தக்காரரான மேடத்துக்குப் போன் செய்தார். மறுநாள் அந்த மேடம் வந்தார்கள். துரையின் கொள்ளுப்பேத்தி. பல வருஷமாக துபாயில்தான் இருக்கிறார்கள், இப்போது வேறு நாட்டுக்கு வீடு மாறுகிறார்கள். அவர்களும் பிழைக்க வந்தவர்கள்தான், நானும் பிழைக்க வந்தவன்தான். அவர்களை மரியாதையாக எக்ஸ்பேட் என்கிறார்கள், என்னை லேபர் என்கிறார்கள்.

நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். என்னை உட்காரச் சொன்னார்கள். சாவுமனையைப் பற்றியும், பூட்டனைப் பற்றியும், கம்பளியைப் பற்றியும் எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர்கள் கண் கலங்கியது. தன் கொள்ளுத்தாத்தா உங்கள் மக்கள்மேல் ரொம்பப் பிரியமாக இருந்தார் என்றார்கள். அவருடைய டைரியில் ஒரு குறும்பரைப் பற்றி எழுதியிருக்கிறாராம். ரொம்ப விசுவாசமானவர், எவ்வளவு பாரம் என்றாலும் தூக்குவார், ஒரு வார்த்தை பேசமாட்டார் என்று.

நீ இதைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாய்? கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று அப்போதுதான் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்கள். புறப்படும்போது, ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள், ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்றார்கள்.

நின்றேன், அப்பா. ஏன் நின்றேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாளில் மெயில் வந்தது. குடும்பத்தில் எல்லாரிடமும் பேச வேண்டியிருக்கிறதாம், அதற்கு நாளாகுமாம். இப்போதைக்குச் சாமான்கள் கிளம்ப வேண்டும், கஸ்டம்ஸில் சிக்கல் வரக்கூடாது, ரிப்போர்ட்டில் பழைய விவரமே இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்கள். புது வீட்டு வாசல் மேஜையில் ஒரு பெரிய கிண்ணத்தில் அந்தக் கற்களை வைக்கப் போவதாகப் பெட்டியில் ஒட்டிய லேபிள் சொன்னது. வாசலில் வருகிறவர்கள் சாவியைப் போடுவார்களோ என்னவோ.

ராகவன் சார் புது ரிப்போர்ட்டை அடித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "எனக்கும் பசங்க படிக்கிறாங்கப்பா. கையெழுத்துப் போட்டுட்டு உன் வேலையைப் பாரு. நாலு வரி, அவ்வளவுதான்."

"நான் போட்டா எங்க பூட்டன் ரெண்டாவது தடவை தூக்குன மாதிரி சார்."

"அப்ப கலாஸ். நான் ஒண்ணும் பண்ண முடியாது." கலாஸ் என்றால் அரபியில் முடிந்தது என்று அர்த்தம். அவர் குரல் உடைந்துதான் வந்தது, அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

என் பக்கத்து மேஜைக்காரர் கையெழுத்துப் போட்டார். தலையைக் குனிந்துகொண்டே போட்டார். அன்று மத்தியானம் பெட்டி லாரியில் ஏறியது. நீ சொன்னதுதான் நடந்தது, அப்பா. வேறு ஆள் தூக்கினான். அப்படியென்றால் நான் வாயைத் திறந்ததில் என்ன பிரயோஜனம்? பதினொரு பேரும் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். பூட்டன் வேலையையாவது காப்பாற்றிக்கொண்டார். கம்பளியாவது கிடைத்தது. அவர்மேல் எனக்கு இருந்த கோபம் லாரி கேட்டைத் தாண்டியபோது போய்விட்டது. அவர் எவ்வளவு தனியாக நின்றிருப்பார் என்று மட்டும் தோன்றியது.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். நான் துடைத்த பஞ்சுகள் என் மேஜைக்கு அடியில் குப்பைக் கூடையிலேயே கிடந்தன. சீட்டைப் பார்த்த அன்றே அவற்றைப் பொறுக்கி, தேரா கடைத்தெருவில் வாங்கிய தைல டப்பாவைக் கழுவித் துடைத்து, அதற்குள் போட்டு வைத்தேன். கடைசி நாளன்று கேட்டில் செக்யூரிட்டி என் பையைக் கொட்டிப் பார்த்தான். டப்பாவைத் திறந்தான்.

"யே க்யா ஹை, பாய்?" இது என்ன என்று கேட்டான்.

"கச்சரா" என்றேன். குப்பை என்று சொன்னால்தான் விடுவான்.

முகர்ந்து பார்த்தான், முகத்தைச் சுளித்தான், மூடிக் கையில் கொடுத்துவிட்டான். கல் ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் நம்பர் இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது. கறுப்புக்கு எதுவும் இல்லை. அது நம்முடையது.

இப்போது ரூமில் பையைக் கட்டி வைத்துவிட்டு எழுதுகிறேன். வந்து இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகமாட்டேன், நேராக ஓடைக்குத்தான் போவேன். உனக்கு நல்ல நீளமான கல்லாக எடுப்பேன், நீ உயரம் அல்லவா. எஸ்டேட் கேட்டில் இப்போதும் பாஸ் கேட்பார்கள் என்று தம்பி சொல்கிறான். கேட்டால் எங்கே போகிறேன், யாரைப் பார்க்கப் போகிறேன், அங்கிருந்து யாரெல்லாம் எடுத்துப் போகப்பட்டார்கள் என்று கேட்டில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவேன்.

உன் கல்லுக்கு எண்ணெய் தடவும்போது இந்தப் பஞ்சால்தான் தடவுவேன், இது சத்தியம். இந்தப் பஞ்சில் இருக்கிறவர்கள் மூன்று பேர். பெயர் தெரியாது, ஆணா பெண்ணா என்றும் தெரியாது. ஒருவர் பூட்டனின் அப்பனாகக்கூட இருக்கலாம். ரொம்ப தூரம் சுற்றி வருகிறார்கள், அப்பா. நீ கொஞ்சம் நகர்ந்து இடம் கொடு.

பெள்ளனின் மூத்த மகன்,
மாதன்