அஞ்சலையின் கன்னத்துப் பொட்டு

இன்று காலை கோயிலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டார்கள். அது பொங்கிப் புகைந்து, அந்தச் சூட்டு வாடை மூக்கில் ஏறியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ போய் வெகுகாலம் ஆயிற்று, பாவி, இன்னும் என்னை விட மாட்டேன் என்கிறாய்.

பூந்தமல்லி வேதக்கோயிலில் நான் கோயில்பிள்ளை. மணியடிப்பதும் விளக்கேற்றுவதும் என் வேலை. நீ மாங்காட்டிலிருந்து வந்த சித்திரக்காரன். பீடத்துக்குப் பின்சுவரில், நெருப்பில் வேகும் ஆத்துமாக்களைச் சிறகு விரித்த சம்மனசுகள் மோட்சத்துக்குத் தூக்குகிற பழைய சித்திரம் ஒன்று மெழுகுவர்த்திப் புகையில் கறுத்து, மழை ஒழுகி உதிர்ந்து கிடந்தது. அதைச் சரிசெய்யத்தான் வெள்ளைக்காரச் சாமியார் உன்னை வரவழைத்தார். பெரிய சம்மனசின் கையிலிருந்த குழந்தைக்கு முகமே இல்லை. அதை நீ கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போனாய்.

அதற்குள் வாந்திபேதி உன் சின்ன மகள் அஞ்சலையைக் கொண்டுபோயிற்று. நீ சாரத்திலிருந்து இறங்கி ஓடுவதற்குள் சர்க்கார் வண்டி மற்றப் பிணங்களோடு அவளையும் அள்ளிப் போய்விட்டது. எந்தக் குழி என்று யாரும் சொல்லவில்லை. "மொகத்த கூட பாக்கல அண்ணாத்தே" என்றாய்.

ஈரச் சுண்ணாம்பில் அந்தக் குழந்தைக்கு நீ எழுதியது அவள் முகம்தான். எனக்கு மட்டும் தெரியும். கூடவே கன்னத்தில் கறுப்பாக ஒரு பொட்டும் வைத்துவிட்டாய்.

"இன்னாய்யா இது? சம்மனசு கைல கீற புள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டா?" என்று பதறினேன்.

"பொட்டு வைக்காத எப்டி அண்ணாத்தே அவ்ளோ தூரம் அனுப்புறது?"



சாமியார் நல்ல மனிதர். முகம் அழகாயிருக்கிறது, பொட்டை மட்டும் எடுத்துவிடு என்றார். அதற்குள் நிறம் சுண்ணாம்போடு இறுகியிருந்தது, துடைத்தால் போகாது. நான் கீழே நின்று சாரத்தைப் பிடித்துக்கொள்ள, நீ உளிமுனையால் மெல்லச் சுரண்டினாய். உள்ளே பழைய சுவர் ஊறிப்போயிருந்தது போலும். கன்னம் பெயர்ந்தது, பிறகு கண், பிறகு முகம் முழுவதும் என் தோள்மேல் உதிர்ந்து தரையில் விழுந்தது. நீ இறங்கிவந்து துண்டை விரித்தாய்.

சில்லுகளை உன் துண்டில் பொறுக்கினோம். "இப்பவாச்சும் என் கைல கீறா. பொதைக்க ஒரு எடம் குடு" என்றாய். ஞானஸ்நானம் பெறாதவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்பது எனக்குத் தெரியாததா? மதிலோரம், உள்பக்கமாகவே குழி தோண்டினேன்.

பிறகு நீ அந்தச் சாரத்தில் ஏறவே இல்லை. வேறொருவன் வந்து ஏதோ ஒரு முகத்தை எழுதினான். மறு கோடையில் உன்னையும் அதே வண்டிதான் அள்ளிப் போனது.

கல்லறைத் திருநாள்தோறும் மதிலோரம் அவளுக்கு ஒரு மெழுகுவர்த்தி வைக்கிறேன். உன் குழியும் தெரியாததால் உனக்கும் அங்கேயே ஒன்று. போன திருநாளில் புதுச் சாமியார் நின்று, இது யாருடைய மேடு என்று கேட்டார்.

"எங்க ஊட்டுப் புள்ளை, சாமி" என்றேன். அவர் சிலுவை வரைந்து மந்திரித்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும், வழக்கம்போல, திரியின் கரியை விரலில் தொட்டு அவள் மேட்டுக் கல்லில் ஒரு பொட்டு வைத்தேன்.