நீ தள்ளிய பனியாறு

அன்புள்ள சிட்டுக்கு,

இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உனக்குச் சளி, காய்ச்சல் ஏதாவது இருந்தால் சரியான பிறகு இதைப் படி, ஏனென்றால் உன்னைத் தடவிக்கொடுக்க எழுதும் கடிதமில்லை இது. நீ பனியாறு பாடம் நடத்திய வீடியோவை அப்பா வந்தவர் போனவருக்கெல்லாம் போட்டுக் காட்டிவிட்டார். அத்தை "நம்ம பொண்ணு டிவில வர்ற மாதிரியே இருக்கா" என்றாள், உன் தம்பி "அக்காவோட லிப்ஸ்டிக்தான் பாடம் நடத்துது" என்றான். இந்த வீடியோ தேர்வுக் குழுவுக்குப் போனால்தான் உன் வேலை நிரந்தரமாகும், நீ மாட்டிக்கொண்ட அந்த ஒரு இடத்தை மட்டும் வெட்டிவிடலாமா என்று என்னிடம் தனியாகக் கேட்டிருக்கிறாய். நானும் வகுப்பில் நின்று வயிறு வளர்ப்பவள்தான், அதனால் சொல்கிறேன்.

பனியாற்றுக்கு மாதிரியாக, பசையில் வெண்காரம் கலந்து கொழகொழவென்று பிசைந்து, நெடுக்காகப் பிளந்து சாய்த்து வைத்த குழாயின் மேல்முனையில் வைத்து, குறுக்கே பல்குத்தும் குச்சிகளை வரிசையாக நட்டாய். அதுவரை சரி. பனி என்றால் சில்லென்று இருக்க வேண்டும் என்று அதை முதல்நாளே ஃபிரிட்ஜில் வைத்தாயே, அந்த மூளையை எந்தக் கடையில் வாங்கினாய்? அது விறைத்துப்போய் அசையவில்லை. "இப்ப நகரும் பாருங்க" என்று பல்லைக் காட்டிக்கொண்டே கட்டைவிரலால் பின்னாலிருந்து தள்ளினாய். முன்வரிசைக் கண்ணாடிக்காரப் பெண் "மிஸ், நீங்கதான தள்ளினீங்க" என்றாள். "ஏய் சோடாபுட்டி, மொதல்ல கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாரு" என்றாய். வகுப்பே சிரித்தது, நீயும் சிரித்தாய். அவள் நிஜமாகவே கண்ணாடியைக் கழற்றிப் பாவாடையில் துடைத்தாள். அதை நீ பார்க்கவில்லை, கேமரா பார்த்தது.

நேற்று சமையலறையில் நானும் செய்து பார்த்தேன். பாதியை வெளியே வைத்தேன், பாதியை ஃபிரிட்ஜில். வெளியே இருந்தது தானாக இறங்கியது, ஓரக் குச்சிகள் சுவரோடு ஒட்டிப் பின்தங்க, நடுக்குச்சிகள் முந்திக்கொண்டு போய் வரிசை வில்லாக வளைந்தது. ஃபிரிட்ஜில் இருந்தது மாப்பிள்ளை முறுக்கோடு உட்கார்ந்திருந்தது. அப்பா "லேசா ஒரு தட்டு தட்டட்டுமா" என்று விரலை நீட்டினார், உனக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. அதிகம் குளிர்ந்த பனி மெதுவாகத்தான் நகரும். ஏன் நகரவில்லை என்று அந்தப் பெண்ணையே கேட்டிருந்தால் அதைவிட நல்ல பாடம் கிடையாது. கண்டதைச் சொன்ன பாவத்துக்கு அவளைப் பார்த்து வகுப்பு முழுவதையும் சிரிக்க வைத்தாய். இனி எந்த வகுப்பிலும் அவள் கண்ணால் கண்டதைச் சொல்ல மாட்டாள்.

வெட்டாதே. அதே வகுப்பில், நான் தள்ளினேன் என்று சொல்லிவிட்டு, அவள் கையால் குச்சி நட வைத்து, மறுபடி செய். அதையும் சேர்த்து அனுப்பு. வேலை போனால் போகட்டும், அழுதுகொண்டு இங்கே வராதே. அப்பா என்னை ராட்சசி என்கிறார், இருந்துவிட்டுப் போகிறேன்.

நல்லபடியாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, வெண்காரம் பட்ட கையை நன்றாகக் கழுவு. வீடியோவை மூன்று முறை பார்த்தேன், அந்தப் பெண்ணின் பெயரை நீ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குப் போன் செய்.

இப்படிக்கு,
உன் அம்மா