தனோலிகள் எங்கிருந்து வந்தார்கள்

பிப்ரவரி 18, 2024
பனி வழிக்க வெளியே போனேன். பக்கத்து வீட்டு ஜஹான்சேப்பும் கையில் மண்வாரியோடு நின்றார். இதய டாக்டர். நாங்கள் மான்மவுத் ஜங்ஷனுக்கு வந்த நாளிலிருந்து பழக்கம்.

"ராஜி, நீங்க மருந்து கம்பெனியில புள்ளிவிவரம்தானே பாக்கறீங்க? எங்க ஆளுங்களோட டிஎன்ஏ ரிசல்ட் கொஞ்சம் வெச்சிருக்கேன். பாத்துச் சொல்ல முடியுமா?" (அவர் பேசுவது ஆங்கிலம். எனக்கு எழுத வருவது தமிழ்.)

அவர் தனோலி. பாகிஸ்தானின் வடக்கே, சிந்து நதியை ஒட்டிய தனாவல் மலைப்பகுதிக் கூட்டம். தாங்கள் யார் என்பதில் அவர்களுக்குள்ளேயே மூன்று கட்சியாம். கஜினியிலிருந்து வந்த பர்லாஸ் துருக்கியர் என்று சிலர். பட்டாணியர் என்று சிலர். மதம் மாறிய ஜஞ்சுவா ராஜபுத்திரர் என்று சிலர். அவருடைய அப்பா முதல் கட்சி. மூத்த மகனுக்கு, அதாவது இவருடைய அண்ணனுக்கு, பர்லாஸ் குலத்து மன்னன் தைமூரின் பெயரை வைத்ததே அதனால்தானாம். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மார்ச் 3
பார்த்தேன். சொந்தக்காரர்கள் சிலர் சோதனைக்குக் கொடுத்த எச்சில், அவ்வளவுதான். இதை வைத்து எந்தப் பக்கமும் பேச முடியாது. அதைச் சொன்னதும் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். முகம் மலர்ந்துவிட்டது. "அதையேதான் எழுதப் போறேன். எங்களுக்குத் தெரியாது, அப்படின்னு."

வீட்டில் மகள் பிரீத்தி கேட்டபோது அவளிடமும் 'தெரியாது' என்றுதான் சொன்னேன். கணவர் வேலுமணிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "அவங்க கூட்டத்து வெவகாரம், உனக்கெதுக்கு? நம்மூர்ல ஒருத்தன் கொலத்தப் பத்தி இப்படி எழுதிப்போட்டு நிம்மதியா இருந்துருவானா?"

மார்ச் 23
கட்டுரை இணையத்தில் வந்துவிட்டது. கடைசியில் எனக்கு நன்றி. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். 'என் தந்தை சொன்னது அழகான கதை. ஆதாரம் இல்லாத கதை' - இந்த வரியில் மட்டும் நின்றுவிட்டேன். அப்பாவை விட்டிருக்கலாம்.

ஏப்ரல் 2
அலுவலக எண்ணுக்கு ஒரு போன். இளம் ஆண் குரல், இங்கேயே வளர்ந்த உச்சரிப்பு, ரொம்ப மரியாதை. "மேடம், நீங்க ஹிந்துதானே? எங்கள ராஜபுத்திரர்னு எழுதச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னது?"

நான் எங்கே அப்படிச் சொன்னேன்? வாயைத் திறப்பதற்குள் எங்கள் வீட்டு முகவரியை நிதானமாகப் படித்தான். பிரீத்தி படிக்கிற பள்ளிக்கூடத்தின் பெயரையும். வைத்துவிட்டான்.

வேலுமணிகிட்ட சொல்லணுமா?

ஏப்ரல் 3
சொன்னேன். கத்தவில்லை. எழுந்து போய்ப் பின்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

ஏப்ரல் 13
சித்திரை நாளைக்குத்தான், ஆனாலும் இன்று சனிக்கிழமை என்பதால் பாயசம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். ஜஹான்சேப்பின் மனைவி சஃபூரா கதவைக் கொஞ்சமாகத்தான் திறந்தாள். தெருவை எட்டிப் பார்த்த பிறகே உள்ளே விட்டாள். மகள் மஹ்னூருக்கு அக்டோபரில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரும் தனோலிகள்தான், டெக்சஸில், ஃபிரிஸ்கோவில், தைமூருக்கு வேண்டியவர்கள். கட்டுரை வந்ததிலிருந்து அங்கிருந்து ஒரு பேச்சும் இல்லையாம். "பையன் மட்டும் மஹ்னூருக்கு மெசேஜ் அனுப்பறான். உங்க அப்பாவ சரி பண்ணச் சொல்லு, அப்படின்னு."

சரி பண்ணுவது. அந்த வார்த்தையை அவள் இரண்டு தடவை சொன்னாள்.

ஏப்ரல் 21
ஜஹான்சேப் என்னைக் கூப்பிட்டு ஒரு படம் காட்டினார். ஊரிலிருந்து யாரோ அனுப்பியது. அவருடைய பழைய கிராமம் தர்பேலா அணையின் தண்ணீருக்குள் போய்விட்டது. அப்பாவை மேட்டில், புது ஊரில் அடக்கம் செய்திருக்கிறார்கள். படத்தில் அந்தக் கல்லறைக் கல். பெயர் இருக்கிறது. பெயருக்குப் பின்னால் 'தனோலி' இருந்த இடத்தை உளியால் கொத்தி எடுத்திருக்கிறார்கள். உடைக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை மட்டும், பொறுமையாக.

"செத்துப்போனவர வெளியேத்திட்டாங்க ராஜி. எழுதினது நான்." அழவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வரும்போது வாசலில் நின்று, என் பெயரைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். இப்போதா கேட்பது? கேட்டுவிட்டேன். தலையாட்டினார்.

மே 5
தைமூர் ஃபிரிஸ்கோவிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கினார். தோட்டத்தில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருந்ததைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணன் தோளில் கை போட்டிருந்தார். அன்பாகத்தான் இருந்தது பார்க்க.

மே 11
கட்டுரை இல்லை. அந்த இடத்தில் ஜஹான்சேப்பின் காணொளி: தவறு செய்துவிட்டேன், நாங்கள் பர்லாஸ், கஜினியிலிருந்து வந்தவர்கள், என் தந்தையின் ஆன்மா என்னை மன்னிக்கட்டும். எதையோ பார்த்துப் படிப்பதுபோல் கண் ஒரே பக்கம் இருந்தது.

ஜூன் 9
போன் எதுவும் இல்லை. கல்யாணப் பத்திரிகை வந்தது.

அக்டோபர் 12, ஃபிரிஸ்கோ
காலையில் வேலுமணி ஹனுமான் கோவிலுக்குக் கூட்டிப்போனார். மாலையில் கல்யாண மண்டபம். மாப்பிள்ளையின் தம்பி எங்களை வாசலிலேயே வரவேற்றான். "மேடம், ஃபிளைட் சௌகரியமா இருந்துச்சா?" அந்தக் குரல். அந்த மரியாதை. பிரீத்திக்கு நாற்காலி இழுத்துப் போட்டான், தட்டில் கபாப் வைத்தான். நான் தேங்க் யூ என்றேன். வேறென்ன சொல்ல?

சாப்பாட்டுக்குப் பிறகு தைமூர் மைக் பிடித்தார். "என் தம்பி கொஞ்ச நாள் வழி தவறிட்டான். இப்ப வீட்டுக்கு வந்துட்டான்." சிரிப்பு. மைக் ஜஹான்சேப்பிடம் போனது. அவர் எங்கள் மேஜைக்கு நடந்து வந்தார்.

"இவங்க என் பக்கத்து வீடு. சயின்டிஸ்ட். ரிசல்ட்டெல்லாம் பாத்தது இவங்கதான். ராஜி, நாங்க எங்கிருந்து வந்தோம்னு சொல்லுங்க."

மைக்கை நீட்டினார். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மண்டபம் முழுக்கத் திரும்பியது. வேலுமணி மேஜைக்கு அடியில் என் முழங்காலை அழுத்தினார்.

"கஜினி," என்றேன்.

கை தட்டினார்கள். வேலுமணியும் தட்டினார். மேடையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த மஹ்னூர் நிமிர்ந்து ஒரு தடவை என்னைப் பார்த்தாள்.

அக்டோபர் 13
விமானத்தில் பிரீத்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டு வந்தாள். இறங்குகிற நேரத்தில்தான் அதைக் கழற்றினாள்.

"யூ ஸெட் யூ டிட்ன்ட் நோ, அம்மா."