மடியில் ஒரு முகம்

என் தங்கச்சிக்கு அக்கா எழுதுவது.

எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. மாப்பிள்ளை நேற்றே போனில் எல்லாம் சொல்லிவிட்டார். உனக்குப் பேசினால் தொண்டை வலிக்கும், எனக்குப் பேசினால் அழுகை வரும். அதனால்தான் கடிதம். நான் ஐந்தாவதோடு நின்றவள். பிழை இருந்தால் சிரித்துக்கொள், ஆனால் கடைசி வரை படி.

தொண்டைப் புற்றுக்குக் கரண்ட் வைப்பதற்கு முகமூடி செய்யப் படுக்க வைத்ததும் எழுந்து வந்துவிட்டாயாம். முகத்தை மூடி, மேசையோடு மாட்டி, கதவையும் சாத்திவிட்டுப் போய்விடுகிறார்களே, இந்தப் பக்கமும் காடு எரிகிறதே, தீ வந்தால் என்னை யார் அவிழ்த்துவிடுவார்கள் என்று கேட்டாயாம். மாமாவுக்கே பலிக்காத வைத்தியம் எனக்கு எதற்கு என்றும் சொன்னாயாம்.

முதலில் தீயைப் பற்றிச் சொல்கிறேன். உன் மாமா அப்படி மாட்டிக் கிடந்தபோதுதான் எங்கள் ஊரில் தீ வந்தது. அப்போது உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. பதறிப்போவாய் என்று விட்டுவிட்டோம்.

அந்த ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் ஒருத்தி உண்டு. உன் மாமா அவளுக்குத் தளபதி என்று பேர் வைத்திருந்தார். வெயில் காலம் தொடங்கியதுமே, தீ வந்தால் வெளியேறுவதற்கு எங்களை வைத்து ஒத்திகை நடத்துவாள். யார் நடப்பார்கள், யாருக்குச் சக்கர நாற்காலி, எந்தக் கதவு, எந்த வண்டி, மாத்திரைப் பை எங்கே என்று எல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொல்வாள். உன் மாமா சும்மா இருப்பாரா? சுடுகாட்டுக்குப் போற வயசுல எங்களுக்கு என்னம்மா பரேடு என்று கேட்டார். சிரிங்கய்யா, நல்லா சிரிங்க, சிரிச்சுக்கிட்டே பையை எடுங்க என்றாள் அவள்.

அன்றைக்குக் காலையில் வானம் செம்புப் பாத்திரத்தைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. சாம்பல் சத்தமில்லாமல் விழுந்துகொண்டே இருந்தது. தீ மலைக்கு அந்தப் பக்கம்தான் என்றார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், உன் மாமா உள்ளே மேசையில். திடீரென்று காற்று திரும்பியது. கரண்ட் போனது. பகல் பதினோரு மணிக்கு இருட்டு.

நான் எழுந்து கதவுப் பக்கம் ஓடுவதற்குள் மெஷின் பார்க்கிற பெண் அவரைக் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்துவிட்டாள். அந்த முகமூடிக்குப் பூட்டும் கிடையாது, சாவியும் கிடையாது. ஓரத்தில் இருக்கும் கொக்கிகளைக் கையால் தள்ளினால் விட்டுவிடும். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை என்று அவரே சொன்னார். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள். கரண்ட் இல்லாவிட்டாலும் அது கழலும்.

பிறகு அந்தப் பெண் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ஓடாமல் திரும்பி உள்ளே போனாள். அலமாரியில் இருந்த முகமூடிகளை எல்லாம் ஒரு படுக்கை விரிப்பில் வாரிப் போட்டு மூட்டையாகக் கட்டி, முதுகில் போட்டுக்கொண்டு வந்தாள். புதிதாகச் செய்து, எங்கே எவ்வளவு கரண்ட் என்று கணக்குப் பார்க்க நாளாகும், அதுவரை வைத்தியம் நின்றால் உள்ளே இருக்கிற சனியன் மறுபடி தலைதூக்கும் என்று தளபதி எங்களுக்குச் சொல்லியிருந்தாள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் இதற்கு ஜோடியாக இதே மாதிரி மெஷின் இருக்கிறது என்று முன்கூட்டியே பேசி, எங்கள் கணக்கு எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு நகலும் போட்டு வைத்திருந்தாள். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில் அவள் இதையெல்லாம் செய்திருக்கிறாள்.

வண்டி மலைச்சரிவை ஒட்டிப் போனது. தங்கச்சி, நான் எவ்வளவோ பார்த்திருக்கிறேன், அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மலை முழுக்க எரிந்தது. ரயில் வருகிற மாதிரி ஒரு சத்தம். நெருப்பு கிட்டே வருவதற்கு முன்னாலேயே மரம் தானாகப் பற்றிக்கொண்டது. மான்கள் எங்கள் வண்டிக்குப் பக்கத்திலேயே ஓடி வந்தன. எங்களைப் பார்த்து அவை ஒதுங்கவே இல்லை. வெல்டிங் பட்டறையில் நெருப்போடேயே கிடந்தவர் உன் மாமா. அவர் வண்டிக் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு, இத்தனை வருஷமா நெருப்பை நான் வேலை வாங்குறேன்னு நெனச்சேன்டி, பாவம்னு அது என்னை விட்டு வச்சிருக்கு என்றார்.

வண்டியிலேயே மூட்டையைப் பிரித்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் அவரவர் முகம் வந்து உட்கார்ந்தது. வலை வலையாக வெள்ளை முகம், கண்ணை மூடி மேலே பார்த்துக்கொண்டு. கைக்குழந்தையைப் பிடித்திருப்பது மாதிரி பிடித்திருந்தார்கள். கடைசியில் இரண்டு மிஞ்சின. பேர் எழுதிய டேப் சூட்டில் உரிந்துபோயிருந்தது. ஒன்று உன் மாமாவுடையது, ஒன்று ஒரு தையல்காரருடையது. இருட்டில் இரண்டும் ஒன்றுபோல இருந்தன. தையல்காரர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, அறுபது வருஷமா வச்சிருக்கிற மூஞ்சி, எனக்கே அடையாளம் தெரியலையே என்றார். அந்த நேரத்திலும் வண்டியே சிரித்தது.

நான் கொடுங்கள் என்று வாங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன். பட்டறையில் இரும்புக் குழாய் விழுந்து அவர் மூக்கு இடது பக்கம் கொஞ்சம் கோணியிருக்குமே, உனக்குத் தெரியும். இரண்டாவதைத் தொட்டதும் விரல் அங்கே வந்து நின்றது. இதுதான் என்று கொடுத்தேன். உன் மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

மறுநாள் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் அதை அவர் முகத்தில் வைத்தார்கள். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. வைத்தியம் ஒரு நாள்தான் தவறியது.

இனி உன் இரண்டாவது கேள்வி. பலிக்கவில்லை என்று சொல்லாதே. அவருக்கு முற்றிய பிறகுதான் பார்த்தோம், நுரையீரலுக்கும் போய்விட்டிருந்தது. ஆனாலும் அந்த வைத்தியத்துக்குப் பிறகு அவருக்குக் குரல் திரும்பியது. தண்ணீர்கூட இறங்காத தொண்டையில் சோறு இறங்கியது. பேத்தி பிறந்ததும் தூக்கிவைத்துக்கொண்டு, மூக்கு மட்டும் என்னை மாதிரி வந்துடாதேம்மா என்று கொஞ்சினார். போகிற அன்றைக்கும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தக் குரலை நான் பலிக்காதது என்று எப்படிச் சொல்வேன்? உனக்கு ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டார்கள். டாக்டர் நம்பிக்கையோடு பேசுகிறார் என்று மாப்பிள்ளை சொன்னார்.

அவர் முகமூடி என்னிடம்தான் இருக்கிறது. விளக்கை அணைத்த பிறகு எடுத்து வைத்துக்கொள்வேன். விரல் அதே இடத்தில் போய் நிற்கும். உள்ளே காற்றுதான்.

நாளைக்குக் காலை வண்டியில் கிளம்புகிறேன். முகமூடி செய்கிற தகட்டை வெந்நீரில் நனைத்துத்தான் முகத்தில் போடுவார்கள். இதமாக இருக்கும், இறுகும்போதுதான் பயமாக இருக்கும் என்பார் உன் மாமா. இறுகி முடியும்வரை உன் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அங்கே தீ வந்தால் எந்தக் கதவு, எந்த வண்டி என்று நானே கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். பதில் சொல்லாவிட்டால் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்.

நீ நூறு வயது இருக்க வேண்டும். வைத்தியம் முடிந்ததும் உன் முகமூடியை நீயே, உன் கையாலேயே தூக்கி எறிய வேண்டும். என்னிடம் ஒன்று இருக்கிறது, அது போதும்.

உன் அக்கா