பல்லிக்கு எந்தப் பக்கம் சுற்றும்?

மாஸ்டர்,

இன்று காலை பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புத்தூள் வாசனை. விளையாட்டு விழாவுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அறிவியல் ஆசிரியனுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் ஐந்து நிமிடம் நின்றுவிட்டேன். நீங்கள் இந்தப் பள்ளியை விட்டுப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் பி.டி. டீச்சர் உங்களைவிட நேராகக் கோடு போடுகிறார். இதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வராது என்று தெரியும்.

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூருக்குப் பதினோரு வருடம் ஒரே பஸ்ஸில் வந்தோம். பௌர்ணமிக்கு மறுநாள் மட்டும் பேச மாட்டீர்கள். கிரிவலம் நடந்த அசதியில் ஜன்னலில் சாய்ந்து தூங்குவீர்கள். மற்ற நாளெல்லாம் கேள்விதான்.

"நிலா ஏன் சார் கீழ வுழல?" என்று ஒருநாள் கேட்டீர்கள். விழுந்துகொண்டேதான் இருக்கிறது, பூமி இழுக்கிறது, ஆனால் பக்கவாட்டில் ஓடும் வேகமும் இருப்பதால் தரையைத் தொடாமல் சுற்றிப் போய்விடுகிறது என்றேன். "அப்போ ஓடறத நிறுத்துனா காலினு சொல்லுங்க," என்றீர்கள். பாடப்புத்தகம் இதற்கு ஒரு பக்கம் எடுத்துக்கொள்கிறது.

பிறகு அந்த அதிகாரி பள்ளியைப் பார்வையிட வந்த நாள். மைதானத்தில் எட்டு வட்டம் போட்டிருந்தீர்கள். நடுவில் மஞ்சள் துணி போர்த்திய ஒரு பெண் சூரியன். எட்டுப் பிள்ளைகள் கோள்கள். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அம்புக்குறி போட்டது நான். மலையை வலப்பக்கம் வைத்தே சுற்றிப் பழகிய ஊர். என் கையும் யோசிக்காமல் வலமாகப் போட்டுவிட்டது. பிள்ளைகளில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. உள்வட்டத்தில் புதன் விரைவாகவும் வெளிவட்டத்தில் நெப்டியூன் ஆடி அசைந்தும் போனதெல்லாம் சரி. திசைதான் தப்பு.

அதிகாரி பிடித்துவிட்டார். "கோளெல்லாம் இடமால்ல சுத்தும்? யாருங்க சொல்லிக் குடுத்தது?"

நான் பதில் சொல்லியிருக்கலாம், நேரம் இருந்தது. நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "நான்தான் சார் ஓட வுட்டேன். ஆனா மேலேர்ந்து பாத்தா இடம், கீழேர்ந்து பாத்தா வலம்தானே சார்? ஃபேனுக்குக் கீழ படுத்துப் பாருங்க. நமக்கு ஒரு பக்கம் சுத்தும். மேல ஒட்டிக்கினு இருக்கிற பல்லிக்கு அது வேற பக்கம்."

"பி.டி. மாஸ்டர் வானவியல் சொல்றாருங்க!" என்று அவர் சிரித்தார். தலைமையாசிரியர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நீங்கள் சொன்னது சரி மாஸ்டர். வடக்கை மேலே வைத்து, அங்கிருந்து பார்த்தால் கோள்கள் இடமாகச் சுற்றும். தெற்கிலிருந்து பார்த்தால் வலமாகத்தான் தெரியும். வானத்துக்கு மேல், கீழ் கிடையாது. வடக்கை மேலே வைத்தது படம் போட்டவர்களின் வழக்கம். இது எனக்கு அப்போதே தெரியும். "மாஸ்டர் சொல்றது சரிதான் சார்" என்று ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் கேட்டீர்கள், "நான் சொன்னது தப்பா சார்?" என்று. "அப்படி இல்ல மாஸ்டர்... இருந்தாலும் ஆபீசர் முன்னாடி..." என்று இழுத்தேன். நீங்கள் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அதன் பிறகும் நாம் கிரிக்கெட் பேசினோம், மழை பேசினோம், பஸ் லேட்டானதைப் பேசினோம். வானத்தைப் பற்றி மட்டும் நீங்கள் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்தும் சும்மா இருந்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இன்று மிச்சமிருந்த சுண்ணாம்பைக் கேட்டு வாங்கி, மூன்றாவது பீரியடில் எட்டு வட்டம் போட்டேன். என் வட்டம் கோழிமுட்டை மாதிரி வந்தது. "சூரியன் உங்க இடது கைப்பக்கம் இருக்கணும்," என்றேன். பூமியாக நின்ற பெண் நகரவில்லை.

"சாமிய சுத்தற மாதிரி வலமா போனா என்னா சார்?"

பல்லியைச் சொன்னேன். அதை முதலில் சொன்னது யார், அம்பு போட்டது யார், அன்றைக்குச் சிரித்தது யார் என்பதையும் சொன்னேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை.

"அந்த மாஸ்டரு சயின்ஸும் எடுத்தாரா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"எடுத்தாரு," என்றேன். "நான்தான் சரியா கவனிக்கல."