புதுப் போனில் தெரிந்த நம்பர்

வெள்ளிக்கிழமை, இரவு.

பழைய லைனை மாற்றி இன்று இன்டர்நெட் போன் வைத்தார்கள். நம்பர் மாறாதுதானே என்று கேட்டுக்கொண்டேன். வீட்டை விட்டுப் போன மகனுக்கு அந்த நம்பர்தான் தெரியும்.

எப்போதாவது மணி அடிக்கும். எடுத்தால் அந்தப் பக்கம் பேச்சே இருக்காது. அவன்தான் என்று என் மனைவி மரகதம் பேசிக்கொண்டே இருப்பாள். இன்று சாயங்காலமும் வந்தது.

"கொள்ளிடத்துல தண்ணி வந்துடுச்சுப்பா. வேடிக்க பாக்கப் போயி ஒங்கப்பா சளி புடிச்சுட்டு வந்திருக்காரு."

வைத்த பிறகு பார்த்தால், புதுப் போனில் கூப்பிட்டவரின் நம்பர் தெரிந்தது.

"போட்டுப் பாருங்க" என்றாள்.

"நீ போடேன்."

"எனக்கு மட்டும் பயமில்லையாங்க?"

வேறு யாராவது எடுத்துவிட்டால், இத்தனை வருடம் இவள் யாரிடம் பேசினாள்?

அவள் தூங்கியதும் நம்பரை அழித்துவிட்டேன். காலையில் கேட்பாள்.