பெத்ரினித் தீவில் நான் பணியேற்ற விதம்

நவம்பர் 5, செவ்வாய். பிரேயஸ் துறைமுகம், கிரீஸ்

இன்றும் கப்பல் இல்லை. காற்றின் வேகம் ஒன்பது பொஃபோர் என்று பயணச்சீட்டுக் கூண்டின் கண்ணாடியில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நேற்று எட்டு. எட்டுக்கே கப்பலை நிறுத்திவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் பெத்ரினித் தீவுப் பள்ளித் தலைமையாசிரியர் முன்னால் பணியேற்புத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் இந்தத் தற்காலிக ஆசிரியை வேலை பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். எனக்கு இரண்டு வருடம் எந்தப் பள்ளியும் கிடையாது. காற்றைக் காரணம் காட்டலாமா என்று கல்வி அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். காட்டலாமாம். அதற்குத் தனி விண்ணப்பம் உண்டாம். அதை நேரில் கொடுக்க வேண்டுமாம். எங்கே? பெத்ரினியில்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான். கப்பல் ஏறப்போகிறவளும் நான்தான். எங்கள் ஊர் ட்ரிகலாவில் பஸ் ஏறும்போது அம்மா ஒரு பெரிய தட்டு நிறையக் கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்ட அடையைக் கையில் திணித்தாள். "பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் குடுடி, பேச்சுத் துணையாவது கிடைக்கும்." பக்கத்தில் இருக்கிறவர்களிடம் எப்படி ஆரம்பிப்பது? பாதி அடை நானே தின்றுவிட்டேன்.

நவம்பர் 6, புதன்

பத்து பொஃபோர். மீதி அடையும் தீர்ந்தது.

நவம்பர் 7, வியாழன். லியானித் தீவு

ஆம், லியானி. பெத்ரினி அல்ல.

காலையில் தடை நீங்கிக் கப்பல் கிளம்பியது. லியானி முதல் நிறுத்தம், பெத்ரினி அடுத்தது. கீழ்த்தளத்தில் லாரிகளுக்கு நடுவே, 'பெத்ரினி' என்று எழுதிய அடுக்கில் என் பெட்டி. லியானி நெருங்கியபோது பெட்டி பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க இறங்கினேன். அதுதான் நான் செய்த தப்பு.

ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள், பெயர் கலியோப்பி, புத்தம்புதிய கழிப்பறைப் பீங்கான் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். லியானியில் வாடகைக்கு அறைகள் விடுகிறவராம்.

"கண்ணு, உன் கை சும்மாத்தானே இருக்கு? அந்தப் பக்கம் பிடி."

"நான் அடுத்த தீவுக்கு..." என்றேன். எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

பின்கதவு பாலம் போல இறங்கியது. இறங்கினோம். "ஈரத்துல வைக்காதே, இன்னும் நாலு எட்டு." வைத்தோம். "அப்படியே வண்டியில ஏத்திடலாம்." ஏற்றினோம். அடியில் வைக்கோல் போட வேண்டும் என்றார். போட்டேன். திரும்பிப் பார்த்தால் சங்கிலி கடகடவென்று சுற்றுகிறது, கதவு மேலே போகிறது. சின்னத் தீவுகளில் கப்பல் நிற்பது மூன்று நிமிடம்.

நான் கையைத் தூக்கினேன். மாலுமி பதிலுக்கு அன்பாகக் கையசைத்தார்.

"நீ இங்க இறங்கறவ இல்லையா? வாயைத் திறந்து சொல்றதுதானே!"

"சொன்னேம்மா."

"யார்கிட்ட, எறும்புகிட்டயா?"

அப்புறம்தான் அழுதேன். பெட்டி போயிற்று, நியமனக் கடிதம் அதற்குள். பெத்ரினிக்கு அடுத்த கப்பல் சனிக்கிழமை. போச்சு, எல்லாம் போச்சு, ஒரு பீங்கானுக்காக! அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

கலியோப்பி அம்மா என் கண்ணைத் தன் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் துடைத்துவிட்டு, பெத்ரினியின் காப்பிக்கடைக்குப் போன் போட்டுத் தலைமையாசிரியர் ஸ்தமாதிஸைக் கூப்பிடச் சொன்னார். ஐந்து நிமிடம் கத்தினார். முடிவு: அதே கப்பல் நாளைக் காலை பிரேயஸுக்குத் திரும்பும் வழியில் இங்கே நிற்கும். அவர் தாள்களோடும் என் பெட்டியோடும் அதில் வருவார். இங்கேயே இறங்கிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சனிக்கிழமைக் கப்பலில் என்னோடு பெத்ரினி திரும்புவார்.

"பன்னெண்டு மணிக்குள்ள உன்னால கையெழுத்துப் போட முடியாதா?"

"என் பேர் எவந்தியா பாபதனாசோபுலு."

"ஐயோ," என்றார்.

நவம்பர் 8, வெள்ளி

ஒன்பது பத்துக்குக் கதவு இறங்கியது. ஸ்தமாதிஸ் சார் தோளில் என் பெட்டியோடு ஓடிவந்தார்.

"மூணு பிரதி, டீச்சர்! ஒவ்வொண்ணுலயும் ரெண்டு இடம்! முழுப் பேரு!"

தரை முழுக்க ஈரம். கலியோப்பி அம்மா குனிந்து முதுகைக் காட்டினார். "இதுல வெச்சு எழுது. சீக்கிரம், கூசுது!" இரண்டாவது பிரதியில் என் பேனா நின்றது. துறைக் காவலர் தன்னுடையதைத் தந்தார். ஆறாவது கையெழுத்து முடிந்தபோது சார் நெற்றியில் அடித்துக்கொண்டார். பள்ளி முத்திரை மேல்தள நாற்காலியில், அவருடைய பையில். முத்திரை இல்லாவிட்டால் தாள் வெறும் தாள்.

ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் கதவு பாதி ஏறிவிட்டது. மாலுமி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களே அடிச்சுக்குங்க, டீச்சர்!" முத்திரை பறந்து வந்தது. கலியோப்பி அம்மா ஏப்ரனில் ஏந்தினார். பின்னாலேயே பள்ளிச் சாவிக்கொத்து. "மஞ்ச சாவி அடுப்பு அறைக்கு!"

கப்பல் அவரைக் கொண்டுபோய்விட்டது. நான் கலியோப்பி அம்மாவின் வண்டி முன்மூடியின்மேல் தாள்களை வைத்து முத்திரை அடித்தேன். காவலரின் கடிகாரத்தில் ஒன்பது பதினாறு.

நவம்பர் 9, சனி. பெத்ரினி

வந்துவிட்டேன். சாரும் இன்றைய கப்பலில்தான் வருவார் என்று தளம் தளமாகத் தேடினேன். இல்லை. மாலையில் அவரே போன் செய்தார். "பிரேயஸ் வரைக்கும் வந்தது வந்தாச்சு, நாலு வருஷமா வலிக்கிற பல்லைக் காட்டிட்டு வந்துடறேனே. மூணு பிடுங்கணுமாம். ஒரு வாரம் பார்த்துக்குங்க."

எதைப் பார்த்துக்கொள்வது?

எல்லாவற்றையுமாம்.

நவம்பர் 11, திங்கள்

மறுபடி ஒன்பது பொஃபோர். பதினோரு பிள்ளைகள். வகுப்பில் குளிர்காயும் அடுப்பு புகைந்தது, ஜன்னலைத் திறந்தேன், வருகைப் பதிவேட்டின் தாள்கள் பறந்தன. பிள்ளைகளே ஓடிப் பிடித்துக்கொண்டுவந்து, பிடித்த வரிசையிலேயே வருகையும் சொல்லிவிட்டார்கள்.

பதினொரு மணிக்கு அலுவலகத்திலிருந்து போன்.

"தற்காலிக டீச்சர் வந்து சேர்ந்தாச்சா?"

"சேர்ந்தாச்சு."

"நேரத்துக்கா?"

"ரெண்டே முக்கால் மணி நேரம் முன்னாடியே."

"நீங்க யாரு பேசுறது?"

"தலைமையாசிரியர் பொறுப்பு."

"நல்லது. புது ஆள் எப்படி?"

கொஞ்சம் யோசித்தேன். பொய் சொல்லக்கூடாது.

"வாயில்லாத பொண்ணு," என்றேன். "ஆனா வெச்சுக்கலாம்."